வீட்டுக்கு வரும் பாட்டும் படமும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பினாங்கில் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த ஆண்டாவது பெரிய டிவி ஒன்று வாங்கிவிட வேண்டும், பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கரும் வேண்டும்" என்பதே அந்தப் பேச்சு. ஆண்டு முழுவதும் சேர்த்த பணமோ, தவணைக் கடனோ, ஏதோ ஒன்றின் துணையால் பெரிய அட்டைப்பெட்டி வீடு வந்து சேரும். மூன்று மாதம் கழித்து அதே குடும்பத்தாரைச் சந்தித்தால் பேச்சு வேறாக இருக்கும். "படம் நின்று நின்று ஓடுகிறது, சார்." "சத்தம் பெரிதாகத்தான் வருகிறது, ஆனால் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை." "அம்மாவுக்கு அதைத் திறக்கவே தெரியவில்லை. நாங்கள் வேலை முடிந்து வரும்வரை சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்கள்."

தோட்டப் பள்ளியில் பணியாற்றும் எங்களிடம் பெற்றோர் இவற்றையெல்லாம் சொல்வது வழக்கம். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வந்தவர், கையோடு ரவுட்டரைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போவார். வாத்தியார் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது தோட்டத்து மக்களின் பழைய நம்பிக்கை. இப்படிக் கேட்டவர்களின் வீடுகளைப் பார்த்ததில் எங்களுக்குத் தெரியவந்த செய்தி ஒன்று உண்டு. பணம் போதாமல் ஏமாந்தவர்களைவிட, பணத்தைத் தேவையில்லாத இடத்தில் போட்டு ஏமாந்தவர்களே மிகுதி. எங்கே போடுவது, எங்கே போடாமல் இருப்பது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் போவோம். பினாங்கில் 1934-ஆம் ஆண்டிலேயே இசட்.எச்.ஜே. என்ற அடையாளத்தோடு ஒரு வானொலி நிலையம் இயங்கியது. பினாங்கு வானொலிச் சங்கத்தார் நடத்திய அந்த நிலையத்தில் தமிழுக்கும் இடமிருந்தது. பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் போதும். அலை தானாக வீட்டுக்கு வரும். உலகப் போருக்குப் பிறகு ரீடிஃபியூஷன் வந்தது. இதற்கு அலை இல்லை, கம்பிதான். மாதக் கட்டணம் கட்டினால் சுவரில் தொங்கும் பெட்டி பாடும். கட்டாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். மூத்த நேயர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். இன்று இளைஞர்கள் ஸ்ட்ரீமிங் என்று சொல்கிறார்களே, அது ஒரு வகையில் ரீடிஃபியூஷனின் பேரப்பிள்ளை. இதற்கும் கம்பி உண்டு, மாதச் சந்தா உண்டு, கட்டாவிட்டால் மௌனம் உண்டு. வேறுபாடு என்னவென்றால், ரீடிஃபியூஷன் எல்லார் வீட்டுக்கும் ஒரே பாட்டை அனுப்பியது. ஸ்ட்ரீமிங்கோ, கேட்பவருக்குக் கேட்டதைத் தனித்தனியே அனுப்புகிறது. மலேசியாவில் ஸ்பாட்டிஃபை 2013-லும், நெட்ஃபிலிக்ஸ் 2016-லும் இப்படி வந்து சேர்ந்தவை.

ஸ்ட்ரீமிங் எப்படி வேலை செய்கிறது? ரப்பர் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையைச் சீவியவுடன் பால் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் இறங்குகிறது. கோப்பையில் ஓரளவு சேர்ந்த பிறகே வாளியில் ஊற்றுகிறோம். படமும் அப்படித்தான். தொலைவில் உள்ள கணினியிலிருந்து துண்டு துண்டாகப் புறப்பட்டு, நம் கருவிக்குள் இருக்கும் நினைவகம் என்ற கோப்பையில் சேர்கிறது. அங்கே சேர்ந்ததைத்தான் திரை எடுத்துக் காட்டுகிறது. சொட்டுகிற வேகத்தைவிட எடுக்கிற வேகம் கூடிவிட்டால் கோப்பை வற்றிப் போகும். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்குமே, அது கோப்பை மறுபடி நிறையக் காத்திருக்கும் நேரம்.

ஆகவே, படம் நின்று நின்று ஓடினால் பழியை டிவியின் மேல் போடுவதற்கு முன் இணைய இணைப்பைப் பார்க்க வேண்டும். எவ்வளவு வேகம் தேவை? நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, சாதாரண எச்.டி. படத்துக்கு 3 எம்.பி.பி.எஸ்., முழு எச்.டி.க்கு 5, 4-கே படத்துக்கு 15 போதும். பாட்டுக்கு இதில் சிறு பங்குகூட வேண்டியதில்லை. நூறு எம்.பி.பி.எஸ். இணைப்புள்ள வீட்டில் நான்கு பேர் நான்கு அறையில் நான்கு படம் பார்த்தாலும் இடம் மிஞ்சும். எனவே, "ஐந்நூறுக்கு மாறினால் படம் நிற்காது" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். நூறு வந்தும் படம் நிற்கிறது என்றால், பெரும்பாலும் குறை ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில்தான் இருக்கும்.

ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது உடனே விளங்கும். முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு 1960-களில் கட்டத் தொடங்கிய மாடிகள் அவை. கான்கிரீட்டும் அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியும் வைஃபை அலையை விழுங்கிவிடும். வைஃபையில் இரண்டு அலைவரிசைகள் பொதுவாக உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். ஆனால் மாடி வீடுகளில் அக்கம்பக்கத்தார் அனைவரும் அதிலேயே கூடியிருப்பதால், சந்தைக்குள் நின்று பேசுவது போல நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். ரவுட்டரை வாசல் மூலையில், செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டு, உள்ளறையில் படம் ஓடவில்லை என்று வருந்திப் பயனில்லை. அதை வெளியே எடுத்து, தோள் உயரத்தில், வீட்டின் நடுப்பகுதிக்கு அருகில் வைத்துப் பாருங்கள். டிவியும் ரவுட்டரும் ஒரே கூடத்தில் இருந்தால் இரண்டையும் ஒரு லேன் கம்பியால் இணைத்துவிடுங்கள். சில வெள்ளி விலையுள்ள அந்தக் கம்பி தரும் நிம்மதியை விலை கூடிய ரவுட்டரும் தராது.

கண்ணாடி இழை இணைப்பு எட்டாத தோட்டங்களில் கைப்பேசியின் டேட்டாதான் துணை. அங்கே கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டும். எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 கிகாபைட் வரை உண்ணும். நம் தமிழ்ப் படமோ இரண்டரை மணிக்குக் குறையாது. ஆக ஏழரை கிகாபைட். இருபது கிகாபைட் வாங்கியவருக்கு மூன்றாவது படத்தின் கிளைமாக்ஸ் கிடைக்காது. தரத்தைக் குறைத்து வைத்தால் அதே படம் மூன்று கிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். பாட்டின் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபையில் நடுத்தர அளவு 96 கே.பி.பி.எஸ். நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 2.6 கிகாபைட்டுதான். உயர்ந்த அளவான 320-இல் கேட்டால் அது எட்டரைக்கு மேல் போகும். எத்தனை கிகாபைட் என்பதைப் போலவே, மற்றக் கருவிகளோடு பகிர எவ்வளவு அனுமதி என்பதையும் திட்டம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். "வரம்பில்லை" என்று விளம்பரம் செய்யும் திட்டங்கள் பலவற்றில் இந்தப் பகிர்வுக்குத் தனி வரம்பு உண்டு.

அடுத்தது பெட்டி. இன்று விற்கும் டிவிகள் பெரும்பாலும் திறன் டிவிகள். திரை பத்தாண்டுகள் உழைக்கலாம். ஆனால் அதனுள் இருக்கும் மென்பொருள் நான்கைந்து ஆண்டுகளில் கிழடு தட்டிவிடும். 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளில் நெட்ஃபிலிக்ஸ் இயங்காமல் நின்றது ஒரு சான்று. அப்படி நின்றால் டிவியையே தூக்கிப் போட வேண்டாம். எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்று வாங்கினால் அதே டிவி மறுபடி இளமையாகிவிடும். புது டிவி வாங்குவோரும், உள்ளே என்னென்ன செயலி இருக்கிறது என்பதைப் பெரிதாக எண்ணாமல், நல்ல திரையா, எத்தனை எச்.டி.எம்.ஐ. துளை என்று பார்ப்பதே நன்று.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஒரு தடவை பணம் கட்டுங்கள்; ஆயுள் முழுவதும் எல்லாத் தமிழ்ச் சேனலும், நேற்று வெளியான படமும் வரும்" என்று ஒரு பெட்டியை விற்கிறார்கள். மாதச் சந்தா கட்டச் சிரமப்படும் குடும்பத்துக்கு இதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும், அதில் வியப்பில்லை. மாதம் இருபது வெள்ளி என்றாலும் ஐந்தாண்டில் ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகிறதே! ஆனால், அந்தப் பெட்டியில் வருவது படத்தை எடுத்தவருக்கு ஒரு காசும் போய்ச் சேராத திருட்டுச் சரக்கு. நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2022 மார்ச் 18-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. இத்தகைய பெட்டிகளை இறக்குமதி செய்வோர், விற்போர், இச்சேவையை வழங்குவோர் ஆகியோருக்குப் பத்தாயிரம் வெள்ளியிலிருந்து இரண்டு இலட்சம் வெள்ளி வரை அபராதமும், இருபது ஆண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. விற்றவர் பிடிபட்டால் "ஆயுள் முழுவதும்" என்ற வாக்குறுதி அன்றோடு முடிந்தது. வாங்கியவர் பணத்தை யாரிடம் போய்க் கேட்பார்?

அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பெயர் தெரியாத மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டிகள் சிலவற்றில், கடைக்கு வருவதற்கு முன்பே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருந்ததாகவும், குற்றவாளிகள் அதன் மூலம் வீட்டு இணைய இணைப்பையே தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வதாகவும் அது கூறியது. அதே வைஃபையில்தான் நம் வங்கிக் கணக்குத் திறக்கிறது. பிள்ளையின் பள்ளிப் பாடமும் வருகிறது. முறையான பெட்டியா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கடையிலேயே அதை இணைக்கச் சொல்லி, நெட்ஃபிலிக்ஸைத் திறந்து முழு எச்.டி.யில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரமில்லாத பெட்டியில் அது ஓடாது. ஓடினாலும் மங்கலாகவே ஓடும். பெட்டியிலும் அதன் அடாப்டரிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒலிக்கு வருவோம். எங்கள் எண்ணத்தில் பணத்தைப் போட வேண்டிய இடம் இதுதான். மக்கள் குறைவாகப் போடுகிற இடமும் இதுதான். பழைய பெரிய டிவிகளில் ஸ்பீக்கர் நம்மை நோக்கி முன்பக்கம் இருந்தது. பெட்டியும் ஆழமாக இருந்ததால் குரல் நிறைந்து வந்தது. இப்போது டிவி ஓர் ஏடு போல மெலிந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் அதைக் கீழ்ப்பக்கமாகவோ சுவர்ப்பக்கமாகவோ திருப்பி வைத்திருக்கிறார்கள். நடிகர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். குரலோ சுவரைப் பார்த்துப் பேசுகிறது. பேச்சு விளங்காததன் முதற்காரணம் இது.

இரண்டாவது காரணம் நம் காதிலேயே இருக்கிறது. பேச்சில் உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வில் இருக்கிறது. க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்மையோ உயர்ந்த அதிர்வில், சுமார் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளைத்தான். அதனால்தான் பாட்டி "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்கிறார். அவருக்காக ஒலியைக் கூட்டினால் அடி ஒலியும் சேர்ந்து கூடி, சொல் இன்னும் அமுங்கிப் போகும். பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார். செய்ய வேண்டியது அடி ஒலியைக் குறைத்து, குரலை உயர்த்துவது. நல்ல சவுண்ட்பார்களில் குரலைத் தெளிவாக்குவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. இந்த ஒரு பொத்தானுக்காகவே, முதியவர் இருக்கும் வீட்டில் நடுத்தர விலையுள்ள சவுண்ட்பார் வாங்குவது தகும்.

கடையில் எதைப் போட்டுச் சோதிப்பது? கடைக்காரர் ஹெலிகாப்டர் பறக்கும் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார். ஹெலிகாப்டர் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் பறக்கும். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். தமிழாசிரியர் என்ற முறையில் நாங்கள் சொல்லும் தேர்வு இது: பாடகர் பாடும் லகரமும் ளகரமும் ழகரமும் வேறு வேறாகக் காதில் விழுகின்றனவா? மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியே கேட்கின்றனவா, அல்லது எல்லாம் சேர்ந்து "தொம்" என்று ஒரே அடியா? இரண்டிலும் தேறிய ஸ்பீக்கரில் படத்து வசனமும் விளங்கும்.

அட்டைப்பெட்டியில் "5,000 வாட்" என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் போடும் அந்த எண், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான உச்சத்தைக் கணக்கிட்டு ஊதிப் பெருக்கியது. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வலு எவ்வளவு என்பதை ஆர்.எம்.எஸ். என்ற எண் சொல்லும். சிறு கூடத்துக்கு இருபது, முப்பது வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. கேட்கும்போது சற்றுக் கூடியதாகத்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வலு ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். ஆகவே ஆயிரம், இரண்டாயிரம் என்ற எண்களுக்குப் பணம் கொடுப்பது வீண்.

ஐந்தாறு ஸ்பீக்கர் கொண்ட "ஹோம் தியேட்டர்" தேவையா என்று கேட்பவர்களிடம், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்கள் மோனோ என்ற ஒற்றை ஒலியில் பதிவானவை. சிங்கப்பூரில் படமாக்கிய காட்சிகளைக் கொண்ட 'ப்ரியா' 1978-இல் வந்தபோது, அதன் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானது தமிழுக்குப் புதுமை. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. ஆக, பழைய பாடல்களிலேயே மனம் தோயும் வீட்டுக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும், ஒன்றே இருந்தாலும் குறையில்லை. மற்ற நான்கும் தூசி படிந்து நிற்கும். புதுப் படங்களை விரும்பிப் பார்க்கும் பெரிய கூடமாக இருந்தால் அது வேறு கதை.

சவுண்ட்பார் வாங்கியும் வசனம் அமுங்கியே கேட்டால் டிவியின் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று வைத்திருப்பார்கள். உங்கள் சவுண்ட்பாரில் நடு ஸ்பீக்கர் இல்லாதபோது, டிவி ஆறு ஒலித்தடத்தை அனுப்பினால் வசனம் மெலிந்து போக இடமுண்டு. ஸ்டீரியோ அல்லது பி.சி.எம். என்று மாற்றி வைத்தால் பல வீடுகளில் குறை தீர்ந்துவிடும். டிவியையும் சவுண்ட்பாரையும் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளைகளின் வழியாக எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணையுங்கள். புளூடூத்தில் இணைத்தால் ஒலி ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிந்தி வரும். பாட்டுக் கேட்க அது தடையில்லை. படத்திலோ வாய் முன்னே போகும், சொல் பின்னே வரும்.

கையில் பணம் குறைவா? வீட்டுப் பரணைப் பாருங்கள். தொண்ணூறுகளில் வாங்கிய மினி காம்போ ஒன்று துணி போர்த்திக் கிடக்கலாம். அதன் பின்னால் ஆக்ஸ் என்ற துளை இருந்தால், ஒரு சிறு கம்பியையோ சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் புளூடூத் ஏற்பியையோ இணைத்துக் கைப்பேசியின் பாட்டை அதில் கேட்கலாம். ஜார்ஜ் டவுனில் நகர விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை கூடுகிறதே, அங்கேயும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் கிடைப்பதுண்டு. வாங்குமுன் முன்பக்கத் துணியை நீக்கி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். நுரைப்பஞ்சு விளிம்பாக இருந்தால் நம் நாட்டு ஈரப்பதத்தில் பொடிந்து போயிருக்கும். ரப்பர் விளிம்பாக இருந்தால் உழைக்கும். ரப்பரின் அருமையைத் தோட்டத்துக்காரர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் தெளிவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 43 அங்குலத் திரையை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், முழு எச்.டி.க்கும் 4-கேக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரணக் கண் பிரித்தறியாது. இன்று அந்த அளவுத் திரைகள் பெரும்பாலும் 4-கேயாகவே வருகின்றன, அது நல்லதுதான். ஆனால் 8-கே, அது இது என்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது குறைக்கு வருவோம். "அம்மாவுக்குத் திறக்கத் தெரியவில்லை." இதைக் கேட்டுப் பலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நாற்பது ஆண்டு காலம் அதிகாலையில் வானொலியைத் திருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே பால் மரத்துக்குப் புறப்பட்ட ஒருவர், இன்று மூன்று ரிமோட்டுகளின் நடுவில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தால் என்ன, பகல் முழுவதும் வீட்டில் இருப்பவருக்கு அது பயன்படவில்லையே! வாங்கும்போது அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, பிள்ளைகள் யாரும் வாய் திறக்காமல், அவராகவே ஒரு பாட்டைப் போட முடிகிறதா என்று பாருங்கள். பொத்தான்கள் குறைவாகவும் பெரிதாகவும் உள்ள ரிமோட்டே அவருக்கு ஏற்றது. எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்ற வசதியை முடுக்கி வைத்தால், ஒரே பொத்தானில் டிவியும் சவுண்ட்பாரும் சேர்ந்து விழிக்கும். அவருக்கு வேண்டிய இரண்டு மூன்று பொத்தான்களின் மேல் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். யூடியூப்பில் எழுத்துத் தட்டத் தெரியாவிட்டாலும் குறையில்லை. ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பாடகர் பெயரையோ படத்தின் பெயரையோ தமிழில் சொன்னால் தேடிக் கொடுக்கும். குரல் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைப்பது பேரப்பிள்ளையின் வேலை.

இணையமே வேண்டாத வழிகளையும் மறந்துவிடக் கூடாது. பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபர் இறுதியோடு நாடு முழுவதும் நின்றுவிட்டது. இப்போது இருப்பது எண்முறை ஒளிபரப்பு. இதற்கு மாதக் கட்டணம் கிடையாது. ஆர்.டி.எம். சேனல்களோடு மின்னல் எஃப்.எம். முதலிய வானொலிகளும் டிவியிலேயே வரும். புதிய டிவியில் டி.வி.பி.டி.2 என்ற ஏற்பி உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் தனிப்பெட்டி தேவையில்லை, ஓர் ஆன்டெனா போதும். பெருநிலப் பக்கத்தில் அதைக் கெடாவின் குனோங் ஜெராய் மலையைப் பார்த்துத் திருப்பி வைத்து முயலலாம். சமையலறையில் ஒரு சிறு எஃப்.எம். வானொலியும் இருக்கட்டும். இணையம் அறுந்த நாளில் அதுதான் பாடும்.

இன்னொன்று. எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் கிடைக்காத ஒலிகள் சில நம் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. லிட்டில் இந்தியாவில் பினாங்கு வீதியிலும் மார்க்கெட் வீதியிலும் கடைக்குக் கடை பாட்டு முழங்கிய காலத்தில் வாங்கிய ஒலிநாடாக்களைச் சொல்லவில்லை. அந்தப் பாடல்களில் பலவற்றை இணையத்தில் தேடினால் கிடைக்கும். தண்ணீர்மலைக் கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாகசுரம், தாத்தா தம் குரலில் பாடி வைத்த தாலாட்டு, பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பேசிய பேச்சு, இவற்றைச் சொல்கிறோம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்தால் அவை அதோடு போயின. ஓடக்கூடிய டேப் ரெக்கார்டரின் காதணித் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கம்பி இழுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். முன்னால் ஒருமுறை நாடாவை முழுவதும் ஓட்டிச் சுற்றிக்கொள்ளுங்கள், ஒட்டியிருந்தால் விடுபடும். அறுபது நிமிட நாடாவைப் பதிய அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. பதிந்ததை இரண்டு பென்டிரைவில் வைத்து, ஒன்றைத் தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பென்டிரைவைச் செருகினால் பெரும்பாலான டிவிகளிலேயே கேட்கலாம்.

கடைசியாக இடி மின்னல். பிற்பகலில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். ஆன்டெனாக் கம்பியையும் டிவியின் பின்னாலிருந்து எடுத்துவிட வேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் வரும் மின்கம்பி வழியாக மின்னல் தாக்கும். ஆதலால் அவற்றின் அடாப்டர்களையும் கழற்றுங்கள். ஒரே நீட்சிக் கம்பியில் டிவி, சவுண்ட்பார், ரவுட்டர், மின்விசிறி, அரிசிப் பானை என்று எல்லாவற்றையும் மாட்டி வைத்திருக்கும் வீடுகளில், அரிசிப் பானையை முதலில் வேறு பிளக்குக்கு மாற்றுவது நலம். மழை ஓய்ந்த பிறகு மோடத்தையும் ரவுட்டரையும் இணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அவற்றின் விளக்குகள் நிலையாக எரிந்ததும் டிவியை இணைத்தால், இணைய இணைப்பைத் தேடித் தடுமாறாமல் விட்ட இடத்திலிருந்து படம் தொடரும்.